கணக்கு அலமாரிக்கு வந்த கூட்டம்

“ஏனுங்க டீச்சர், ஒருத்தரும் எட்டிப் பாக்காத நூலகம் எதுக்குங்க? இதை ஸ்டாஃப் ரூம் ஆக்கிரலாம்,” என்றார் மலையூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் கீர்த்திவாசன்.

“ஜூலை பொறந்ததிலிருந்து கூட்டம் தாங்கலைங்க சார். நீங்களே வந்து பாருங்க,” என்றார் நூலகர் நஸீமா.

வரலாற்று அலமாரியை ஒட்டிப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்திவாசன் கணக்கு வாத்தியார். எதிர்மூலையில் கணக்கு அலமாரி அநாதையாக நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டையும் இடம் மாத்தி வைங்க. நாளைக்குக் கணக்குக்கும் கூட்டம் வந்தா, நூலகம் இருக்கட்டும்.”

மறுநாள் கணக்கு அலமாரியை ஒட்டி அதே கூட்டம். வரலாற்றுப் பக்கம் ஓர் ஆள் இல்லை.

“பாத்தீங்களா டீச்சர், கணக்குன்னா கணக்குதானுங்க!” என்று பூரித்தவர், எட்டாம் வகுப்பு ஷண்முகப்ரியாவிடம், “எந்தக் கணக்கு புடிச்சிருக்குது, கண்ணு?” என்று கேட்டார்.

அவள் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னே ஈரக் காலுறைகள் வரிசையாகக் காய்ந்தன.

“புத்தகத்துல பூஞ்சை புடிக்காம இருக்க வெச்சதுங்க சார்,” என்றார் நஸீமா, குரலைத் தாழ்த்தி.

கீர்த்திவாசன் காலுறைகளைப் பார்த்தார். மழையில் ஊறிய தன் ஷூவையும் பார்த்தார்.

“நூலகம் இங்கேயே இருக்கட்டுமுங்க,” என்று ஷூவைக் கழற்றினார். “கண்ணு, கொஞ்சம் தள்ளி உக்காரு.”