வீணானது ஒன்று

குப்பியின் அடியில் இன்னும் ஒருவருக்கான மருந்து இருந்தது. நர்ஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

மணி நாலே முக்கால்.

திறந்து நாலு மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. ஐந்து மணிக்குக் கெடு.

பள்ளிக்கூட மேஜைமேல் இரண்டு நீலப் பெட்டிகள். ஒன்று மத்திய அரசு கொடுத்தது, நாற்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. மற்றது மாநில அரசு வாங்கியது, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு. இரண்டிலும் ஒரே தடுப்பூசிதான். கொரோனாவுக்குத்தான் இந்தப் பாகப்பிரிவினை தெரியாது.

மாநிலத்தின் பெட்டி நேற்றே காலி; கையிலிருக்கும் குப்பி மத்திய அரசின் பெட்டியிலிருந்து எடுத்தது. எப்போது வரும் என்று மேலே கேட்டால் டெல்லியைக் கைகாட்டுகிறார்கள். டெல்லி திருப்பி இங்கே கைகாட்டுகிறது. நடுவில் நின்று ஜனங்களிடம் திட்டு வாங்குவதற்கு நர்ஸ் ஒருத்தி இருக்கிறாளே, போதாதா?

பெஞ்சில் பவுனம்மாள் மட்டும் மிச்சம். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். சிறுநீரகம் கெட்டுப்போன புருஷனை ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிசுக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள். அங்கிருந்து அவள் நோயை வாங்கி வந்தால் அந்த மனுஷன் தாங்க மாட்டார்.

ஆதார் அட்டையில் அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

“என் மூத்த பொண்ணுக்கே முப்பத்தொண்ணு நர்சம்மா. ஆதார் எடுக்கிற அன்னிக்குத் தலைக்கு டை அடிச்சிட்டுப் போயிட்டேன். மூஞ்சியப் பாத்து வயசப் போட்டுட்டாங்க. நானும் சந்தோஷமா வந்துட்டேன்.”

நர்சுக்குச் சிரிப்பு வந்தது.

அட்டையை நம்பினால் இவள் பத்து வயதில் பிள்ளை பெற்றவள். கம்ப்யூட்டர் அதை நம்பும். இவளை நம்பாது.

காலிப் பெட்டியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“கையக் காட்டுக்கா.”

பவுனம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஊசி போட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

சரியாக ஐந்து மணிக்கு நர்ஸ் பதிவேட்டை எடுத்தாள். அந்தக் குப்பியில் போட்டது ஒன்பது. வீணானது ஒன்று. கையெழுத்தும் போட்டாள்.

தோளில் பஞ்சை அழுத்தியபடி பவுனம்மாள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அடுத்த ஊசி நாலு வாரத்துல. சாயங்காலமா வந்துரு,” என்று நர்ஸ் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். “அன்னிக்கும் ஒண்ணு வீணாக்கி வைக்கிறேன்.”