செல்லாத வாக்குமூலம்

ஏட்டு நம்பிராஜனின் இலையில் செங்கமலம் இரண்டாவது வடையையும் வைத்தாள். வடக்குப்பட்டு லைன் வீடுகளில் அடுத்த நான்கு கதவுகளும் பாதி திறந்துகொண்டன.

திறக்காமல் என்ன செய்யும்? அவள் புருஷன் திருமலை, கார் சீட் தைக்கிற கம்பெனியில் ஆபரேட்டர். எட்டு மாதம் முன்பு ஏதோ விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று பிணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கூப்பிட்டுக்கொண்டு போனவர் இதே ஏட்டு. அவருக்குத்தான் இப்போது திருமலையின் அமாவாசைப் படையல் சோறு.

"மூணாவது அமாவாசை இது. வெக்கமா இல்ல அவளுக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்மா. சுவரில் காதை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் குழந்தை தும்மினால் இந்தப் பக்கத்தில் 'நூறு' சொல்லலாம்.

செங்கமலம் முதலில் இப்படி இல்லை. போலீஸ் மேலேயே புகார் கொடுத்தாள். பெரிய அதிகாரி வந்து, மூடிய அறையில் ஒவ்வொருவராக வாக்குமூலம் வாங்கினார். ஏட்டு என்ன சொன்னார் என்று கேட்டு மனு எழுதிப் போட்டாள். 'ரகசியம், நகல் தர இயலாது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. வக்கீல் வைத்துப் போட்ட கேஸ் அடுத்த வாரம் வருகிறது. சாட்சி இல்லை, தள்ளிவிடுவார்கள் என்று தெரு எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. விருந்தைப் பார்த்தபிறகு, அவளே சமாதானமாகிவிட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டது.

ஏட்டு சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. ஆள் பாதியாகியிருந்தார். டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"கொழாயத் தொறந்தாலே கேக்குதும்மா. 'சார், தண்ணி'ன்னு. அவன் கொரலு."

"இங்கயும் வர்றாரு சார். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் வர்ற நேரத்துக்கு வாசல்ல செருப்பு கழட்ற சத்தம் கேக்கும். போய்ப் பாத்தா ஆளில்ல."

ஏட்டு மெல்ல வாசலைப் பார்த்தார். வெயில் மட்டும் கிடந்தது.

"விசாரணையில பெரிய அய்யாகிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டேன். போலீசுகிட்ட சொல்றது கோர்ட்டுல செல்லாது, அதனால பயமில்லாம சொன்னேன். இருவத்தாறு வருச சர்வீசு, தெரியாதா எனக்கு? சொல்லியும் அவன் போவ மாட்றாம்மா."

"மூடின ரூம்ல சொன்னா அவருக்கு எப்பிடி சார் கேக்கும்? இன்னிக்குக் காக்காகூட ஒரு வாய் கொத்திட்டு பறந்துடுச்சு. மனசு ஆறல அவருக்கு. அவரு வூட்ல, அவரு படத்துக்கு முன்னாடி சொல்லுங்க."

ஏட்டு எழுந்தார். படத்தில் திருமலை கம்பெனி அடையாள அட்டையோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். ஏட்டின் உதடு அசைந்தது.

"சத்தமா சார். எனக்கே கேக்கல."

மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதுமே இங்கே தோசைக்கல் போட்டவள் அவள். காது அவ்வளவு கூர்மை.

"நீ வழுக்கி வுழல திருமல," என்றார் ஏட்டு உரக்க. "நாந்தான் அடிச்சேன். லத்தி ஒடையற வரைக்கும் அடிச்சேன். நீ தண்ணி கேட்ட. குடுக்காம டீ குடிக்கப் போய்ட்டேன். வந்து பாத்தா மூச்சு இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் ராஜம்மா காதை எடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

ஏட்டு டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ரொம்ப நாள் கழித்துத் தண்ணீர் இறங்கியது போலிருந்தது.

"இனிமே வர மாட்டான்ல?"

"அவரு இங்க ஒரு நாளும் வந்ததில்ல சார்," என்றாள் செங்கமலம். "வந்தா நல்லாத்தான் இருக்கும்."

ஒருக்களித்திருந்த கதவை அகலத் திறந்தாள். வெளியே ராஜம்மாவும் இன்னும் மூன்று பேரும் அத்தனையும் கேட்டுவிட்டு நின்றார்கள்.

"வக்கீலக் கேட்டேன். போலீசுகிட்ட சொன்னாத்தான் செல்லாது சார், எங்கிட்ட சொன்னா செல்லுமாம்."