நாலு கதவு ஃப்ரீசரும் ரெண்டு மெக்கானிக்கும்

“இதுக்கு மேல இத ரிப்பேர் பண்ணிப் புண்ணியம் இல்ல மொதலாளி. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடு.”

மெக்கானிக் பாக்கியநாதன் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குப்புராஜ் நம்பமுடியாமல் பார்த்தார். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, ஹைவே ஓரத்தில் அவருடைய ஓட்டல். பதினோரு வருஷமாக அங்கே இருக்கும் நாலு கதவு ஃப்ரீசருக்கு வைத்தியம் பார்ப்பது பாக்கியநாதன்தான். ‘முடியாது’ என்று ஒரு நாளும் சொன்னவரில்லை.

“இன்னாய்யா, காலங்காத்தால பேஜாரு பண்ற? நாளைக்குக் காட்டுப்பள்ளியில ஒரு கம்பெனிக்கு முந்நூறு பிரியாணி. சாயந்தரம் கோழி வந்து எறங்குது. எதுல வைப்பேன், உன் பையிலயா?”

“என்னால ஆகல. வேற யாராச்சும் கெட்டிக்காரங்க இருந்தாக் கூப்ட்டுப் பாரு.”

டீ கூடக் குடிக்காமல் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

“பாத்தியா தேசம்மா?” கல்லாவில் இருந்த மனைவியிடம் கொதித்தார் குப்புராஜ். “புதுசு விக்கிறவன்கிட்ட கமிஷன் வாங்கிக்கினு பேசறான். பதினோரு வருஷம் என் சோத்தத் துன்னுட்டு!”

“சும்மா கத்தாத. புதுசுக்கு ஒன்றரை லட்சம் கைல வெச்சினு கீறியா? இல்லல்ல? கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டுல நந்தினின்னு ஒரு பொண்ணு கடை போட்டுக்கீதே, அத்தக் கூப்புடு.”

“அந்தக் கடையில ஆறு மாசமா ஈதான் ஒக்காந்துகினு கீது. இம்மாம் பெரிய மெஷினுக்குப் பொம்பளயா?”

“இம்மாம் பெரிய ஓட்டலுக்குக் கல்லாவுல ஒக்காந்துகினு கீறது யாரு, ஆம்பளயா?”

குப்புராஜ் போனை எடுத்தார். தெரிந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் போன் போட்டார். ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். கடைசியில் நந்தினிக்கே போட்டார்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முன்னால் சிலிண்டர், பின்னால் பம்ப். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்களூரில் ஒரு ஏசி கம்பெனியில் ஒன்பது வருஷம் செம்புக் குழாய் ஒட்டியவள். கம்பெனி மூடியதும் சொந்தமாகக் கடை வைத்தாள்.

“கூலிங் வரலன்னா டப்பு கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்.”

“வரலன்னா நானே கேக்க மாட்டேன் சார்.”

ஃப்ரீசருக்குப் பின்னால் போனவள் கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டினாள். “மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். குழாய்ல ஓட்டை, கேஸ் போயிடுச்சு. அடைச்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்.”

“கேட்டியா தேசம்மா? அஞ்சு வருஷம்! அந்த ஆளு இத்தப் போயி தூக்கிப் போடச் சொன்னான்!”

நீலத் தழல் சீறியது. ஒட்டினாள். பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சி எடுத்தாள். புது கேஸ் ஏற்றினாள். நடுவில் தண்ணீர் மட்டும் கேட்டாள்.

மூன்று மணிக்கு மீட்டர் மைனஸ் பதினெட்டு காட்டியது.

குப்புராஜ் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். தானே செய்ததுபோல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து ஓட்டல்காரர்களுக்குப் போன் போட்டார். “நம்ம கும்மிடிப்பூண்டிப் பொண்ணுய்யா! கையா அது, மெஷினு!”

அவர் போனை வைப்பதற்குள் நந்தினியின் போனில் ரெண்டு பேர் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ‘வரேன் சார், நாளைக்கு வரேன்’ என்று சொல்லி ரெண்டு முகவரியையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பாக்கியநாதன் சாப்பிட வந்தார்.

“வா நைனா, வா!” ஓட்டல் முழுக்கக் கேட்கும்படி வரவேற்றார் குப்புராஜ். “நீ பொணம்னு சொன்னியே, அது எழுந்து ஒக்காந்துகினு கீது. பெரிய மெக்கானிக்காம்! ஒரு பொம்பள கிட்டத் தோத்துட்டியேய்யா!”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“தோத்தா தோத்தேன். இனிமே ஃப்ரீசருக்கு அவங்களயே கூப்புடு மொதலாளி. எனக்கு ஒரு மீன் சாப்பாடு சொல்லு.”

“உனக்குக் கமிஷன் குடுத்தவன்கிட்டப் போயி கேளு மீன் சாப்பாடு!”

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. பாக்கியநாதன் தலை குனிந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

நந்தினி எழுந்தாள்.

“சார், ஒட்டினது நான்தான். என் வேலைய நானே பெருமையாச் சொல்லிக்குவேன். ஆனா அவரத் திட்டாதீங்க. இப்படிக் கொஞ்சம் வந்து பாருங்க.”

ஃப்ரீசருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார் குப்புராஜ். ஒட்டின இடத்தைச் சுற்றித் தகட்டில் மார்க்கரால் பெரிதாக ஒரு வட்டம். அதன் கீழே, பாக்கியநாதனின் கோணல் கையெழுத்து.

‘நந்தினிம்மா, லீக் இங்க. உங்க ஒட்டு என் ஒட்டவிட சுத்தம். அத நான் எத்தன வாட்டி சொன்னாலும் இந்த ஆளு உங்களக் கூப்புட மாட்டாரு. புதுசு வாங்குன்னு சொன்னா செலவுக்குப் பயந்து உடனே கூப்புடுவாரு.’