இளவரசியின் வீடு

தஸ்மியா மேடையில் அரக்கனைக் கொன்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மைக் அவள் உயரத்துக்கு இறங்கவில்லை என்று ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். அவள் கையை ஓங்கிய வேகத்தில் முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

இருக்காதா பின்னே. அவள் சொல்வது நான் எழுதிய கதை.

எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கும் இளவரசிகளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தி தூங்குகிறாள். ஒருத்தி அழுகிறாள். இன்னொருத்தி ஜன்னலில் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் தலைவாருகிறாள். வகுப்பில் படம் வரையச் சொன்னால் பையன்களுக்கெல்லாம் வாள், பெண்பிள்ளைகளுக்கெல்லாம் பூ.

அந்தக் கோபத்தில் உட்கார்ந்து எழுதினேன். என் கதையில் அடைபட்டுக் கிடப்பது இளவரசன். இளவரசி வெள்ளத்தில் நீந்திப்போய், அரக்கன் மூக்கில் மிளகுப்பொடியைத் தூவி, அவன் தும்மித் தடுமாறும்போது கோட்டையிலிருந்து தள்ளிவிடுகிறாள்.

தஸ்மியா தும்மினாள். மண்டபமே சிரித்தது.

பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை மைதீன் பாத்திமா டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். காலையில் திருச்செந்தூர் பக்கத்துக் காயல்பட்டினத்திலிருந்து வரும்போதே பஸ்ஸில் அவர் ஒரு கடிதம் கேட்டிருந்தார். போட்டி முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கைப்பைக்குள் தயாராக இருந்தது.

ஐந்து வருடமாகக் கதைசொல்லும் போட்டிக்குப் பிள்ளைகளை இந்த வண்ணார்பேட்டைக்குக் கூட்டிவந்து, கலந்துகொண்டதற்கான சான்றிதழோடு திரும்பியிருக்கிறேன். முதல் பரிசு வாங்கினால் மாநிலப் போட்டிக்குச் சென்னைக்குப் போகலாம். இந்தத் தடவை விட்டால் எனக்கு அடுத்த தடவை கிடையாது.

இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

அந்த வரியில்தான் எனக்குப் பயம். பயிற்சியில் மற்ற இடமெல்லாம் தண்ணீராக ஓடும் பிள்ளை, அங்கே வந்தால் மட்டும் திக்குவாள். மறக்கிறாள் என்று பத்துத் தடவை எழுத வைத்தேன். நடுவர்கள் கையில் கதையின் நகல் இருந்தது. மாற்றிச் சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

"விடுதலையான இளவரசனின் குதிரையில் ஏறி, அவனுடைய அரண்மனைக்குப் போய், இளவரசி சந்தோஷமாக வாழ்ந்தாள்." அவ்வளவுதான்.

தஸ்மியா நின்றுவிட்டாள்.

நான் கீழேயிருந்து வாயை அசைத்தேன். குதிரையில் ஏறி, குதிரையில் ஏறி. அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள்.

பிறகு அவள் பாட்டுக்குச் சொன்னாள். இளவரசன் தன் துணிமணியெல்லாம் பெட்டியில் எடுத்துக்கொண்டு இளவரசியின் அரண்மனைக்கு வந்தான். குதிரையை வாசலில் கட்டினான். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

நடு நாற்காலியில் இருந்த நடுவர் குமரகுருபரன், தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசி வரி மறந்துவிட்டதா என்று கனிவாகக் கேட்டார்.

"மறக்கல சார். அவ எதுக்குப் போவணும்? மாப்பிள்ளதானே பொண்ணு வீட்டுக்கு வருவாரு. எங்க வாப்பாவும் அப்படித்தானே வந்தாங்க."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல், விசில், சிரிப்பு. பின்வரிசையில் இருந்த காயல்பட்டினத்து உம்மாமார்கள் மட்டும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார்கள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். ஐந்து வருடமாக அந்த ஊரில் பாடம் நடத்துகிறேன். எத்தனை கல்யாணத்தில் களறிக் கறிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்திருக்கிறேன். இது தெரியாதவளா நான்? தெரியும். ஆனாலும் சாத்தான்குளத்தில் பிறந்த என் கை, அரக்கனைக் கொன்ற பெண்ணைக் கொண்டுபோய்க் குதிரையில் ஏற்றிவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, சத்தம்போட்டுச் சிரிக்க வேண்டும்போல ஒரு சந்தோஷம் நெஞ்சுக்குள் குதித்தது.

நடுவர் மதிப்பெண் தாளில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். கூட்டினாரா குறைத்தாரா தெரியவில்லை. நான் எழுந்து நின்று கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தஸ்மியா முக்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். மைதீன் பாத்திமா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்துக்காக என் பக்கம் கையை நீட்டினார்.

இதோ வருகிறேன் என்று கைப்பையோடு வாசலுக்கு ஓடினேன்.

முந்தின நாள் எழுதிய கடிதம் அது. அடுத்த மாதம் எனக்குத் திருமணம், கணவர் கோயம்புத்தூரில் இருப்பதால் அங்கே குடிபோகிறேன், பணியிலிருந்து விடுவிக்கவும் என்று எழுதியிருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அதை எழுதும்போது நான் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

பஸ்கள் ஹாரன் அடித்த இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நான் கட்டிக்கொள்ளப்போகும் மாரிராஜுக்கு போன் போட்டேன். வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, கோயம்புத்தூர்ல இருந்து திருச்செந்தூருக்கு நேர் பஸ் இருக்குல்லா?"