நகமும் முடியும்

மான்போக்கோடு வியட்நாம் சண்டையில் இருந்தவன் நான் என்று சொன்னதும், அவன் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தொப்பியக் கழட்டு," என்றார்.

கழற்றினேன். முற்றத்தில் கிம்ச்சி ஊறுகாய்க்கான முட்டைக்கோஸ் குவிந்து கிடந்தது. கையெல்லாம் உப்போடு அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காகத்தான் கழற்றச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசானிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்திருந்தேன். மகன் என்று அவர் புதைத்ததில் பாதி அவனுடையது இல்லை.

அங்கே ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்கும் முன்னால் நகமும் முடியும் வெட்டி, உறையில் போட்டு, பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். உடம்பு கிடைக்காவிட்டால் வீட்டுக்கு அதுதான் போகும்.

என்னிடம் வெட்ட நகம் இல்லை. பயத்தில் எல்லாவற்றையும் கடித்துத் தீர்த்திருந்தேன். மான்போக்குக்கு முடி இல்லை. தலையில் சொறிபடை வந்து, மழித்து ஊதா மருந்து பூசியிருந்தார்கள். சார்ஜெண்ட் இரண்டும் இல்லாமல் உறையைத் தொடமாட்டேன் என்று நின்றார்.

"டேய் சுருட்ட, ஒன் முடியில கொஞ்சம் குடு, என் நகத்துல பாதிய எடுத்துக்கோ," என்றான் மான்போக். "சாகுறதுக்கு முன்னாடி எம் பையன் முடியச் சுருட்டிக்கிட்டான்னு எங்கம்மா நெனச்சுக்கும்."

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உறை கொடுத்த மூன்றாம் நாள் மதியம், மூங்கில் புதரிலிருந்து எதிரிகள் சுட ஆரம்பித்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே வரப்புக்குப் பின்னால் சேற்றில் படுத்திருந்தோம். என் விரல் வாயில் இருந்தது. மான்போக் அதைத் தட்டிவிட்டான்.

"கடிக்காதடா. அடுத்த தடவையும் என் நகத்தையே கேப்ப."

இடப்பக்கம் ஆள் வேண்டும் என்று கத்தினார்கள். நான்தான் போக வேண்டும். என் விரல் மறுபடி வாய்க்குப் போவதைப் பார்த்துவிட்டு அவன் ஊர்ந்து போனான். பத்தடி போயிருப்பான். குண்டு அங்கே விழுந்தது.

நான் சுட்டேன். எதைச் சுட்டேன் என்று தெரியாது. தோட்டா தீர்ந்த பிறகும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் செத்தான் என்பதற்கு முன்னால், நான் சாகவில்லை என்பதுதான் மனதில் வந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஹெலிகாப்டர் வரும்வரை தேடினோம். அவன் என்று சொல்லி அனுப்ப ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் உறைதான் வீட்டுக்குப் போயிற்று.

ஊர் திரும்பக் கப்பலேறும் நாளில் என் உறை என்னிடமே திரும்பி வந்தது. அதைத்தான் இப்போது அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"அம்மா, இதுல இருக்குற நகம் மான்போக்கோடது. ஒங்களுக்கு வந்ததுல இருந்த முடி..."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்துக் காட்டினார். ஒரு சிட்டிகை சுருட்டை முடி.

"எம் புள்ள முடி எனக்குத் தெரியாதா? நகத்த மட்டுந்தான் பொதச்சேன்," என்றார். "இது யாரு பெத்த புள்ளயோ, அதுவாச்சும் உசுரோட வரட்டும்னு மண்ணுல போடல."

காகிதத்தை என் தொப்பிக்குள் வைத்துவிட்டு, முட்டைக்கோஸ் பக்கம் போய் உட்கார்ந்து, எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

நானும் உட்கார்ந்து இலைகளுக்கு உப்புத் தடவினேன். கடித்த விரல்நுனியெல்லாம் எரிந்தது.