இணைப்பு துண்டித்த கவுண்டர்கள்

“பீப்.”

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். சத்தம் பழைய பில் கவுண்டர்கள் பக்கமிருந்து வந்தது. அங்கே மின் இணைப்பைத் துண்டித்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது.

பட்டப்பகல். சூப்பர் மார்க்கெட்டின் வாசலருகே புது இயந்திரங்களில் வாடிக்கையாளர்கள் தாங்களே பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரங்கள் பீப் என்று கத்துவதில்லை. மெல்லிய மணியோசை மட்டும்தான்.

“பீப்.”

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நடந்தார்.

கழற்றி எடுத்துப்போக ஆள் வராததால் கவுண்டர்கள் வரிசையாக அப்படியே நின்றன. அவற்றில் ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதே நீலச் சீருடை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பில் ஊழியர்களில் ஒருத்தி. அத்தனை பேரையும் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டுச் சேதி சொன்னதே மேலாளர்தான்.

எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கைத்தடியோடு நின்றார்.

அவள் ரொட்டிப் பாக்கெட்டை உயிரில்லாத ஸ்கேனர் கண்ணாடியின் மேல் இழுத்தாள். உதட்டைக் குவித்தாள்.

“பீப்.”

மேலாளரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிவிடாதீர்கள் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அவருக்குப் புரிந்தது. அது அவளுடைய கணவர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பார்வை இல்லாதவர். மதியமானால் மனைவியின் கவுண்டருக்கு வந்து எதையாவது வாங்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். வேலை போனதை அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

காலையில் அவருக்குப் பத்திரிகை படித்துக்காட்டுவதும் அவள்தான். ஆட்குறைப்பைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. ஆட்களை நீக்கிய அன்றைக்கு முதல் பக்கம் முழுக்கக் கடையின் விளம்பரம். அதனால் அவள் எதையும் மறைத்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே போகச் சொல்ல வந்த மேலாளர் வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் இயந்திரத்தில் காசு கட்டப் போனாள். அவள் நகர்ந்ததும் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“மேனேஜர் சார்தானே? உங்க ஷூ சத்தம் தெரியும். அவ வாயால சத்தம் போடறது எனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு சார். எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.”

மேலாளர் அவர் பக்கம் குனிந்தார்.

“சொல்ல மாட்டேன். நாளைக்கும் வாங்க” என்றார். ஆட்களை அனுப்பிய நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

கணவர் போகாமல் நின்றார். காதை வரிசையின் அடுத்த முனைக்குத் திருப்பினார்.

“ஆனா பாவம் சார், அந்த இன்னொருத்தரும் வீட்ல சொல்லலையா?”

“எந்த இன்னொருத்தர்?”

“அதோ, கடைசிக் கவுண்டர்ல இருக்காரே. அவரும் வாயாலதான் போடறார். நடுநடுவே இருமல் வேற.”

மேலாளர் திரும்பிப் பார்த்தார். கடைசிக் கவுண்டரின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. நாற்காலியைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வாசலைத் தாண்டும்வரை மேலாளரின் கால் தரையை விட்டு எழவில்லை.

கடைசிக் கவுண்டரில் முன்பு இருமிக்கொண்டே பில் போடுகிறவர் ஒருவர் இருந்தார். மேலாளர் முதன்முதலில் அறைக்குக் கூப்பிட்டது அவரைத்தான். “வீட்ல என்ன சார் சொல்லுவேன்?” என்று மட்டும் அந்த மனிதர் கேட்டார்.

வேலை போன மறுவாரமே அவர் வீட்டுக்குக் கடையின் பெயரில் ஒரு மலர்வளையம் போனது. மேலாளர் போகவில்லை.