ஏழு வாரம்

பதினோரு நிமிடமாகியும் ஜான்பீட்டர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் மலைக்கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூண்டு கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு கீழே இருந்து பைக்கில் வரும் ஃபாதர், பூசைக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். பாவத்தைச் சொல்கிறவர் பக்கத்தில் முழந்தாளிடுவார். மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் நிற்பார்கள்.

காதில்தான் விழாது. கண்ணுக்குத் தெரியும்.

என் கணவரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

வீட்டில் அவர் அவ்வளவு பேசுவதில்லை. குழாயில் தண்ணீர் வந்ததா, வேளாண்மை ஆபீசில் யார் லீவு, அதோடு சரி. பதினோரு நிமிடத்துக்கு அவரிடம் என்ன பாவம் இருக்கிறது?

அவர் எழுந்ததும் ஜாஸ்மின் போய் முழந்தாளிட்டாள். துணை சுகாதார நிலையத்தின் நர்ஸ். இந்த மலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதமும் அவருக்கு அடுத்தது அவள்தான்.

எங்கள் கல்யாணத்துக்கு ஆயரிடம் அனுமதி வாங்கினார்கள். மதம் மாறச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்கு வருடமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்க்கிறேன். ஃபாதர் தரும் நன்மை அப்பத்தை வாங்க அவர் போவார். ஜாஸ்மினும் போவாள். வாயை மூடி, தலையைக் குனிந்து, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வருவார்கள். இருவர் நாக்கிலும் ஒரே அப்பம் கரைந்துகொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

நானும் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னது அதற்காகத்தான்.

இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்கே சந்தேகம். இப்படி வருகிறவர்களுக்குக் கனவில் ஏதோ தெரியும், தீராத நோய் தீரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜெபமெல்லாம் மனப்பாடம். சொல்லி முடித்து, யாராவது கேட்டார்களா என்று காத்திருப்பேன். ராசிபுரத்தில் அம்மா மாரியம்மனுக்கு விளக்கேற்றும்போது நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவும் இல்லை.

ஜெபம் கற்றுக்கொடுத்தது ஜாஸ்மின். டியூட்டி முடிந்து வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவாள். அவர் காபி போட்டுக்கொடுப்பார். இருவருக்கும்தான். ஆனால் அவளுக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்கு நினைவிருந்தது.

என் கைப்பையில் ஐந்து நாளாக ஒரு கவர் இருந்தது. முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. தபால் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் கை பைக்குள் போகும். வெறுங்கையாகத் திரும்பி வரும். இதையும் ஒருநாள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்.

ஜாஸ்மின் இரண்டே நிமிடத்தில் எழுந்தாள். முகம் கழுவிவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

கடைசியாக ஃபாதர் என்னைக் கைகாட்டி அழைத்தார். ஞானஸ்நானத்துக்கு நாள் பேச. ஈஸ்டர் பூசையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். வருகிற புதன் சாம்பல் புதன், அதிலிருந்து தயாரிப்பு. ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"இதுவரைக்கும் செஞ்சதையெல்லாம் ஒண்ணொண்ணா உங்ககிட்டச் சொல்லோணுங்களா, ஃபாதர்?"

அவர் சிரித்தார். "வேண்டாம்மா. அது ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கின எங்களுக்குத்தான். ஞானஸ்நானம் வாங்குற நிமிஷம் வரைக்கும் நீங்க செஞ்சதை அந்தத் தண்ணியே கழுவிரும். மனசார வருந்தினாப் போதும். யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

அந்த நிமிஷம் வரைக்குமா என்று கேட்டேன். அந்த நிமிஷம் வரைக்கும் என்றார்.

என் கண் கலங்கியதைப் பார்த்து அவரும் கொஞ்சம் கலங்கினார். பிறகு ஞானத்தாய் யார் என்று கேட்டு, பேனாவைத் திறந்தார்.

ஜாஸ்மினின் பெயரைச் சொன்னேன்.

பூசை முடிந்து செம்மேட்டுக்கு நடந்தோம். பருவம் தப்பிய தூறல். ரோட்டோரம் காயப்போட்ட மிளகை ஒரு பெண் அவசரமாக வாரிக்கொண்டிருந்தாள். ஜான்பீட்டர் ஓடிப்போய்த் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தார். ஜாஸ்மின் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தாள். அவளுடைய தோள் ஒன்று வெளியே நனைந்தது.

"இனிமே நான் உங்களுக்கு அம்மாவாக்கும், ராதிகாக்கா. வாரப்ப எந்திரிச்சு நிக்கோணும், பாத்துக்கோங்க."

நானும் சிரித்தேன். தபால் பெட்டி அருகே வந்ததும், ஒரு நிமிஷம் என்று சொல்லிக் கவரை எடுத்தேன். முகவரிப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டேன்.

நாமக்கல்லில் அவளுடைய மேலதிகாரிக்கு இடது கையால் எழுதிய கடிதம். கையெழுத்து இல்லை. நர்ஸ் வேலைக்கே வருவதில்லை, மருந்தை வெளியே விற்கிறாள், உடனே மலையைவிட்டு மாற்ற வேண்டும். அந்த நான்கு வரியில் ஜாஸ்மின் என்ற பெயர் மட்டும்தான் உண்மை.

கவர் உள்ளே விழுந்தது. என் கை நனையாதபடி அவள் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழமை எடுக்க மாட்டாங்களேக்கா."

பரவாயில்லை, அவசரமில்லை என்றேன்.

ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. வருந்துவதற்கு அது போதும்.